உஷார்! நீங்கள் தட்டிவிட்ட மெயில் போய்ச் சேர்ந்ததா?

சர்வரில் ஒரே ஒரு வரி அடித்து மெயில் அனுப்புகிறவரா நீங்கள்? பேக்கப் முடிந்தது, டிஸ்க் நிரம்பிவிட்டது, சம்பளச் சீட்டு இணைத்திருக்கிறது என்றெல்லாம் ஸ்கிரிப்ட் வழியாகவே ஊருக்குச் சொல்கிறவரா? அப்படியென்றால் இதைப் படித்து முடிக்கும்வரை அடுத்த என்டரைத் தட்டாதீர்கள்.

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைக் கேளுங்கள்.

2017 ஜனவரி 31. நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லாப் நிறுவனத்தின் டேட்டாபேஸில் கோளாறு. அதைச் சரிசெய்யப் போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தியும் பயனில்லை. சுமார் 300 ஜிபி போய், மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, தினமும் ஓடுகிற பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், சேமிப்பிடம் காலி! டேட்டாபேஸ் 9.6 பதிப்புக்கு மாறியிருந்தது. பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2 பதிப்பாகவே ஓடி, பிழை காட்டிவிட்டு நின்றுபோயிருந்தது.

அந்தப் பிழையைச் சொல்லி மெயில் வரவில்லையா? குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான், தன் கடமையைச் செய்து மெயில் அனுப்பத்தான் செய்தது. ஆனால் அந்த மெயில்களுக்கு டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு ஏற்பாடு செய்யப்படவில்லை. பெறும் சர்வர் அவற்றை வாசலிலேயே தள்ளிவிட்டது. பேக்கப் தோற்கிறது என்று சொல்ல வைத்திருந்த ஒரே வழியும் தோற்றது. அது தோற்றதைச் சொல்ல ஆளே இல்லை. வேறொரு தேவைக்காக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல் ஒன்று கையில் இருந்ததால் நிறுவனம் பிழைத்தது. அப்படியும் அந்த இடைவெளியில் சுமார் 5,000 புராஜெக்டுகளும், 5,000 கருத்துகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே கணக்கு வெளியிட்டது.

கட்டளை வரி மெயிலில் இருக்கும் முதல் ஆபத்து இதுதான்: தோற்கும்போது அது சத்தம் போடாது. மற்ற ஆபத்துகளும் ஏறக்குறைய இதே மௌனத்தில்தான் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூஜ்யத்தை நம்பாதீர்கள்

'மெயில்' கட்டளையை ஓட்டுகிறீர்கள். பிழை எதுவும் வரவில்லை. வெளியேறும் எண் 0. "போயிடுச்சு" என்று எழுந்துவிடுகிறீர்கள். உண்மையில் என்ன நடந்தது? உங்கள் நிரல் அந்தக் கடிதத்தை அதே கணினியில் இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸிடமோ எக்ஸிமிடமோ ஒப்படைத்தது. அது வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டது. அவ்வளவுதான் அந்த 0. தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஊரில் அம்மா படித்துவிட்டாள் என்று நினைப்பதைப் போன்றது இது.

வரிசையில் இருக்கும் கடிதத்துக்கு என்னவெல்லாம் ஆகலாம்? அமேசான் ஈசி2, கூகுள் கிளவுட் இரண்டும் 25-ஆம் போர்ட் வழியாக வெளியே போகும் மெயிலை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸ் முட்டிப் பார்க்கும், திரும்பும், மறுபடி முட்டும். இயல்பான அமைப்பில் 5 நாள் வரை இப்படியே முயன்றுகொண்டிருக்கும். இடையில் "தாமதமாகிறது" என்று எச்சரிக்கவும் செய்யாது, ஏனென்றால் அந்த வசதி இயல்பில் அணைந்தே கிடக்கிறது. திங்கட்கிழமை வந்திருக்க வேண்டிய "டிஸ்க் நிரம்புகிறது" செய்தி, சனிக்கிழமை தோல்விக் கடிதமாகத் திரும்பும். யாரிடம்? அனுப்பியவரிடம். அனுப்பியவர் யார்? ரூட். ரூட்டின் பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

தடுப்பு இல்லாத சர்வர் என்றாலும் நிம்மதி கொள்ளாதீர்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிக்கு யார் எழுதினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், கூடவே டிமார்க்கும் வேண்டும். ஐபி முகவரியிலிருந்து பெயரைத் திருப்பித் தேடினால் சரியான விடை கிடைக்க வேண்டும். நேற்று வாடகைக்கு எடுத்த சர்வரிலிருந்து 'ரூட் அட் லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரில் கிளம்பும் கடிதத்துக்கு இவற்றில் எது இருக்கிறது?

ஒரே பெயர், வேறு வேறு ஆள்

'மெயில்' என்பது ஒரே நிரல் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இங்கே உஷார். 1970-களின் பிற்பகுதியில் பெர்க்லியில் கர்ட் ஷோன்ஸ் எழுதிய நிரலிலிருந்து கிளைவிட்ட குடும்பம் இது. இன்று அதே பெயரில் பிஎஸ்டி-மெயில்எக்ஸ், எர்லூம் மெயில்எக்ஸ், எஸ்-நெயில், ஜிஎன்யு மெயில்யூட்டில்ஸ் என்று பல நிரல்கள் உலவுகின்றன. பெயர் ஒன்றானாலும் குணம் ஒன்றல்ல.

ஆபத்து '-ஏ' என்ற சின்ன எழுத்தில் இருக்கிறது. ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் வகையறாவில் வரும் மெயில்எக்ஸுக்கும் எஸ்-நெயிலுக்கும் சின்ன '-ஏ' என்றால் "இந்தக் கோப்பை இணை". டெபியன், உபுண்டுவில் கிடைக்கும் பிஎஸ்டி-மெயில்எக்ஸுக்கோ அதே சின்ன '-ஏ' என்றால் "இந்த வரியைத் தலைவரிகளில் சேர்". மெயில்யூட்டில்ஸில் இணைக்க வேண்டுமானால் பெரிய '-ஏ' போட வேண்டும். 2024 ஜூன் 30-இல் சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் முடிந்தது. அதில் ஓடிய பழைய ஸ்கிரிப்டை அப்படியே உபுண்டுவுக்குத் தூக்கி வந்திருந்தால், கணக்குப் பிரிவுக்குப் போகும் தினசரி அறிக்கையில் கோப்பே இல்லாமல் போகலாம். கோப்பின் பெயர் மட்டும் தலைவரிகளுக்கு நடுவில் செருகப்பட்டுக் கிடக்கும். டெர்மினலில் புகார் எதுவும் இராது.

பெரிய '-இ'யும் இதே ரகம். பிஎஸ்டி-மெயில்எக்ஸுக்கு அது "உள்ளடக்கம் காலியென்றால் அனுப்பாதே". மெயில்யூட்டில்ஸுக்கோ "இந்தக் கட்டளையை நிறைவேற்று". மட் நிரலில் '-ஏ' இணைக்கும்தான், ஆனால் கோப்புப் பெயர்களுக்கும் பெறுநர் முகவரிக்கும் நடுவே இரட்டைக் கோடு போட வேண்டும். போடாவிட்டால் முகவரியையே கோப்பு என்று எண்ணித் தேடும்.

இணையத்தில் கிடைத்த ஒரு வரியை எடுத்து ஒட்டுவதற்கு முன், உங்கள் கணினியில் 'மேன் மெயில்' அடித்து, அங்கே குடியிருப்பது யார் என்று பாருங்கள்.

கடிதத்துக்குள் ஒளிந்திருக்கும் கட்டளை

இதுதான் இருப்பதிலேயே கொடியது. பழைய மெயில் நிரல்களில் ஒரு வசதி உண்டு. கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு வரியை '~' என்ற அலைக்குறியில் தொடங்கினால், அது கடிதத்தின் வரி அல்ல, நிரலுக்கான உத்தரவு. '~!' என்று தொடங்கினால் அடுத்து வருவதை ஷெல் கட்டளையாகவே ஓட்டிவிடும். விசைப்பலகை முன்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது இது வசதி. யாரோ எழுதிய உரையைக் குழாய் வழியாக அதற்குள் ஊற்றும்போது இதுவே வினை.

பல நிரல்கள் டெர்மினல் இல்லாதபோது அலைக்குறியைக் கண்டுகொள்ளாது. மெயில்யூட்டில்ஸ் கண்டுகொண்டது. விளைவு, 2021-இல் ஃபெயில்2பேன் நிரலில் வெளிவந்த ஓட்டை. சர்வருக்குள் நுழையப் பார்க்கும் ஐபி முகவரிகளைத் தடுக்கும் காவலாளி அந்த நிரல். ஒரு முகவரியைத் தடுத்ததும், அது யாருடையது என்று ஹூஇஸ் சேவையில் விசாரித்து, வந்த பதிலை அப்படியே 'மெயில்' கட்டளைக்குள் செலுத்தி நிர்வாகிக்கு அனுப்பும் அமைப்பு அதில் இருந்தது. ஹூஇஸ் பதிலைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவர முடிந்தவன், அதில் ஒரு வரியை அலைக்குறியில் தொடங்கினால் போதும். அவன் எழுதிய கட்டளை உங்கள் சர்வரில் ஓடும். ஃபெயில்2பேன் பெரும்பாலும் ரூட்டாகவே ஓடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சிவிஇ-2021-32749 என்ற எண்ணில் பதிவான இந்த ஓட்டை, 0.10.7, 0.11.3 பதிப்புகளில் அடைக்கப்பட்டது. உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது?

உள்ளடக்கத்தில் மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம். முகவரியிலும் உண்டு. மெயில்எக்ஸ் குடும்பத்தில், பெறுநரின் இடத்தில் குழாய்க் குறியில் தொடங்கும் ஒன்றைக் கொடுத்தால் அதை நிரலாக எடுத்து ஓட்டும். சாய்கோட்டில் தொடங்கினால் கோப்பு என்று எண்ணி, கடிதத்தை அதில் எழுதிவிடும். வலைப் படிவத்தில் யாரோ நிரப்பிய "மின்னஞ்சல் முகவரி"யை அப்படியே இந்தக் கட்டளைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? 2014 டிசம்பரில் சிவிஇ-2004-2771, சிவிஇ-2014-7844 என்ற இரண்டு எண்களில் இது அம்பலமானது. முதல் எண்ணில் உள்ள ஆண்டைப் பாருங்கள்: 2004! அதன்பிறகு திருத்தப்பட்ட பதிப்புகளில், முகவரியை இப்படி நிரலாகவோ கோப்பாகவோ எடுத்துக்கொள்வது நீங்களாகக் கேட்டால்தான் நடக்கும். திருத்தப்படாத பழைய சர்வர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றுக்கு இந்தக் காப்பு இல்லை.

2016 டிசம்பரில் பிஎச்பிமெயிலர் நூலகத்தில் டாவிட் கோலுன்ஸ்கி கண்டுபிடித்த ஓட்டையும் இதே வம்சம். அனுப்புநர் முகவரியாகக் கொடுத்த சரம், பின்னணியில் ஓடும் சென்ட்மெயில் கட்டளை வரிக்குப் போய்ச் சேர்ந்தது. முகவரிக்குள் மேற்கோள் குறிகளைச் சாமர்த்தியமாக வைத்து, '-எக்ஸ்' என்ற கூடுதல் விருப்பத்தை நுழைத்தால், சென்ட்மெயில் தன் பதிவுக் கோப்பைத் தாக்குபவன் சொன்ன இடத்தில் எழுதும். அந்த இடம் வலைதளத்தின் கோப்புறை, அந்தக் கோப்புக்குள் இருப்பது பிஎச்பி நிரல் என்றால், தளம் அவன் கையில். 5.2.18 பதிப்பில் கொடுத்த திருத்தத்தையும் உடனே தாண்டிவிட்டார்கள். மறுபடி 5.2.20 வெளியிட வேண்டியிருந்தது.

1988 நவம்பர் 2-ஆம் தேதி இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்றும் சென்ட்மெயில்தான். சோதனைக்காக வைத்திருந்த வசதி ஒன்று, கடிதத்தை மனிதருக்குப் பதிலாக நிரலுக்கு அனுப்ப விட்டது. பாடம் அன்றிலிருந்து மாறவில்லை. வெளியாள் எழுதிய எதையும், ஓர் எழுத்தைக்கூட, சோதிக்காமல் மெயில் கட்டளையின் வாயில் ஊட்டாதீர்கள்.

பாஸ்வேர்டு யார் கண்ணில் படும்?

"ஒரே வரியில் ஜிமெயில் வழியாக மெயில் அனுப்பலாம்" என்று பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கட்டளையிலேயே எழுதச் சொல்லும் யோசனைகள் ஏராளம். செய்தீர்களோ, மாட்டினீர்கள். கட்டளை ஓடும் அந்தச் சில நொடிகளில், அதே கணினியில் லாகின் செய்திருக்கும் எவரும் 'பிஎஸ்' அடித்தால் முழு வரியும் தெரியும். ஓடி முடிந்த பிறகும் பாஷ் வரலாற்றுக் கோப்பில் அது தங்கியிருக்கும். பேக்கப்பில் அந்தக் கோப்பும் போகும்.

அதே வரியைக் க்ரானில் போட்டால் இன்னும் மோசம். க்ரான் வேலை ஏதாவது வெளியீடு தந்தால், அதை க்ரானே மெயிலாக அனுப்பும். அந்த மெயிலின் தலைப்பு என்ன தெரியுமா? நீங்கள் எழுதிய கட்டளை முழுவதும். பாஸ்வேர்டு தலைப்பிலேயே பளிச்சென்று தெரியும். "நான் கட்டளையில் எழுதவில்லை, க்ரான் கோப்பின் மேலே மாறியாக வைத்திருக்கிறேன்" என்கிறீர்களா? க்ரான் அனுப்பும் மெயிலின் மறைவான தலைவரிகளில் 'எக்ஸ்-க்ரான்-என்வ்' என்ற பெயரில் அந்த மாறிகளும் வரிசையாக வரும். எந்த மெயில் பெட்டியிலும் "மூலத்தைக் காட்டு" என்று அழுத்தினால் போதும்.

2022 மே 30 முதல், தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டு மட்டும் வைத்துக்கொண்டு வெளி நிரல்கள் நுழைய முடியாது. அதனால் பலரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டுக்கு மாறினார்கள். இதை ஏதோ "அனுப்ப மட்டும்" உதவும் சாவி என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல. அது கசிந்தால் உங்கள் அஞ்சல்பெட்டியைப் படிக்கவும் முடியும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் குறுக்கே வராது. சொந்தக் கணக்கின் ஆப் பாஸ்வேர்டை அலுவலக சர்வரில் வைப்பது, வீட்டுச் சாவியைக் கடை வாசலில் தொங்கவிடும் வேலை.

இன்னொரு பழக்கமும் கூடாது. சான்றிதழ் பிழை வந்ததும் "சரிபார்க்காதே" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு நகர்கிறார்கள். எர்லூம் மெயில்எக்ஸில் அது 'எஸ்எஸ்எல்-வெரிஃபை=இக்னோர்'. மெயிலை வெளிச் சேவைக்கு ஒப்படைக்கும் எம்எஸ்எம்டிபி நிரலில் 'டிஎல்எஸ்_செர்ட்செக் ஆஃப்'. பிழை மறையும், மெயிலும் போகும். நடுவில் ஒருவன் போலி சர்வரை நிறுத்தினால் உங்கள் பாஸ்வேர்டும் அவனிடம் போகும்.

மேற்கோள் குறி மறந்தால் ஊருக்கே கடிதம்

'-எஸ்'க்குப் பிறகு வரும் தலைப்பை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், ஷெல் அதை இடைவெளி பார்த்து உடைத்துவிடும். முதல் சொல் மட்டும் தலைப்பு. மிச்சச் சொற்கள் எல்லாம் பெறுநர்கள்! தலைப்பு ஒரு மாறியிலிருந்து வந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து யார் யாருக்கோ கடிதம் கிளம்பும். தலைப்புக்குள் ஒரு வரிமுறிவு நுழைந்துவிட்டால், அதைத் தொடர்ந்து வரும் சொற்கள் புதிய தலைவரியாக மாறலாம். அதைப் பயன்படுத்தித் தனக்கு ஒரு ரகசிய நகல் சேர்த்துக்கொள்வது தாக்குபவர்களின் பழைய வித்தை.

க்ரானில் சதவிகிதக் குறியும் ஒரு பொறி. தலைப்பில் தேதி சேர்க்க '%' எழுதினால், க்ரான் அதை வரிமுறிவாக எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். டெர்மினலில் அழகாக ஓடிய வரி, இரவு 2 மணிக்குக் க்ரானில் ஓடாது. முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால்தான் தப்பிக்கும்.

அடுத்து, ஐம்பது பேருக்கு அனுப்ப ஐம்பது முகவரிகளையும் வரிசையாக அடிக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் மற்ற 49 பேரின் முகவரியும் தெரியும். இது வெறும் சங்கடம் என்று விட்டுவிடாதீர்கள். 2015 செப்டம்பரில் லண்டனின் 56 டீன் ஸ்ட்ரீட் மருத்துவமனை, எச்ஐவி தொடர்பான செய்திமடலை 781 பேருக்கு அனுப்பியது. ரகசிய நகலில் வைக்க வேண்டிய முகவரிகளைப் பெறுநர் இடத்தில் வைத்துவிட்டார்கள். 730 முகவரிகளில் முழுப் பெயரும் இருந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 1,80,000 பவுண்ட் அபராதம் விதித்தது. அங்கே தவறியது கட்டளை வரி அல்ல, ஒரு மனிதரின் கை. கட்டளை வரியிலோ "அனுப்பவா?" என்று கேட்கும் பொத்தான்கூடக் கிடையாது. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்.

சுழற்சியில் அனுப்பும்போது, நிறுத்தும் நிபந்தனை தவறினால் ஒரே ஆளுக்கு ஆயிரம் மெயில் போகும். தனிநபர் ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பெறுநர்கள்தான் எல்லை. தாண்டினால் அனுப்பும் வசதியே தற்காலிகமாக முடங்கும். உண்மையான அவசரச் செய்தி அப்போது வெளியே போகாது.

தமிழில் அனுப்புகிறீர்களா? கூடுதல் உஷார்

ஆங்கிலத்தில் ஓடுகிற ஸ்கிரிப்ட் தமிழில் கழுத்தறுக்கும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'மி' போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறியீடு, அதாவது 6 பைட். மெயில் விதிகளின்படி ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் அது பெரிய பத்தி. தமிழில் சுமார் 330 குறியீடுகளிலேயே முடிந்துவிடும். ஒரு பத்தியை வரி உடைக்காமல் அப்படியே ஊற்றினால், வழியில் இருக்கும் சர்வர் அதைத் தன் இஷ்டத்துக்கு வெட்டும். வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறியும் கட்டமுமாகத் தெரியும்.

தலைப்புக்கு வேறு சட்டம். தமிழ்த் தலைப்பைக் குறியாக்கம் செய்துதான் அனுப்ப வேண்டும். பழைய பிஎஸ்டி-மெயில்எக்ஸ் அதைச் செய்யாது. மட், எஸ்-நெயில் போன்றவை செய்யும், ஆனால் கணினியின் மொழி அமைப்பு யுடிஎஃப்-8 என்று அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் லாகின் செய்திருக்கும்போது தெரியும். க்ரானில் பல கணினிகளில் அந்த அமைப்பு இருக்காது. அப்போது எர்லூம் மெயில்எக்ஸ் உங்கள் தமிழ் உரையைப் புரியாத பைட்டுகள் என்று முடிவுகட்டி, திறக்க முடியாத இணைப்புக் கோப்பாக அனுப்பிவிடும். "நேற்று கையால் அனுப்பினேன், நன்றாகத்தான் வந்தது" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். ஸ்கிரிப்டின் தலையிலேயே மொழி அமைப்பை எழுதிவிடுங்கள்.

அடுத்தவர் பெயரில் விளையாட்டா?

அனுப்புநர் முகவரியைக் கட்டளையிலேயே மாற்றலாம் என்று கண்டுபிடித்ததும், கல்லூரி முதல்வர் பெயரில் "நாளை விடுமுறை" என்று வகுப்புக்கு மெயில் தட்ட ஆசை வரும். தம்பி, கையை எடுங்கள். எந்த ஐபியிலிருந்து கிளம்பியது என்று பெறும் சர்வர் தன் தலைவரிகளில் எழுதி வைத்துக்கொள்ளும். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. விளையாட்டு வினையாகும் இடம் இது.

இன்றே செய்ய வேண்டியவை

1. 'மெயில்க்யூ' அடியுங்கள். வரிசையில் தேங்கியிருப்பவை என்னென்ன, எத்தனை நாளாக என்று பாருங்கள். மெயில் பதிவேட்டில் "டிஃபர்ட்", "பவுன்ஸ்ட்" என்ற சொற்களைத் தேடுங்கள்.

2. ரூட்டின் அஞ்சல்பெட்டியைத் திறந்து படியுங்கள். பிறகு ஏலியாஸ் கோப்பில் ரூட்டுக்கு ஒரு மனிதரின் முகவரியைக் கொடுத்து, 'நியூஏலியாசஸ்' ஓட்டுங்கள்.

3. ஒரு சோதனைக் கடிதத்தை ஜிமெயிலுக்கு அனுப்பி, "மூலத்தைக் காட்டு" என்பதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேரே தேர்ச்சி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்பாக்ஸில் விழுந்ததா, ஸ்பேமிலா என்பதையும் கவனியுங்கள்.

4. சர்வரிலிருந்து நேரடியாக அனுப்பும் ஆசை வேண்டாம். எம்எஸ்எம்டிபி போன்ற நிரல் மூலமாக, 465 அல்லது 587 போர்ட்டில், சான்றிதழ் சரிபார்ப்புடன், முறையான மெயில் சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். அதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள்.

5. பாஸ்வேர்டைக் கட்டளையிலும் க்ரானிலும் எழுதாதீர்கள். அமைப்புக் கோப்புக்கு 600 அனுமதி கொடுங்கள். இன்னும் நல்லது, 'பாஸ்வேர்ட்இவால்' மூலம் பூட்டிய இடத்திலிருந்து எடுக்கச் சொல்வது. ஏற்கெனவே எழுதியிருந்தால் அந்த ஆப் பாஸ்வேர்டை இப்போதே ரத்து செய்யுங்கள். வரலாற்றை அழித்தால் மட்டும் போதாது.

6. எல்லா மாறிகளையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். முகவரிக்கு முன்னால் இரட்டைக் கோடு போடுங்கள். வெளியாள் கொடுத்த முகவரியும் தலைப்பும் வரிமுறிவு, குழாய்க் குறி, சாய்கோடு, தொடக்கத்தில் சிறுகோடு இல்லாமல் இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே உள்ளே விடுங்கள்.

7. சென்ட்மெயில் கட்டளைக்கு நேரடியாக உரையைச் செலுத்தினால் '-ஐ' விருப்பம் கட்டாயம். இல்லாவிட்டால், உரையில் ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள வரி வந்ததுமே கடிதம் முடிந்ததாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும்.

8. இணைப்பின் அளவைப் பாருங்கள். குறியாக்கத்தில் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான எல்லை 1,02,40,000 பைட். 8 எம்பி கோப்பே அதை முட்டிவிடும்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "தவறு நடந்தால் மெயில் வரும்" என்ற ஏற்பாட்டை இன்றோடு கைவிடுங்கள். அந்த ஏற்பாட்டில், எல்லாம் நன்றாக ஓடும் நாளும் மெயிலே செத்துப்போன நாளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தலைகீழாக மாற்றுங்கள்: வேலை முடிந்ததும் "முடிந்தது" என்ற செய்தி வர வேண்டும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால், அந்த சர்வருக்கு வெளியே இருக்கும் ஒன்று, மெயில் அல்லாத வழியில், உங்கள் போனை அலற வைக்க வேண்டும்.

ஏற்பாடு செய்து முடித்ததும் ஒரு நாள் வேண்டுமென்றே பேக்கப் ஸ்கிரிப்டைக் கெடுத்து ஓட்டிப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் உங்களுக்குத் தெரிகிறது என்று கடிகாரம் பாருங்கள். இன்னொரு நாள் மெயில் சேவையையே நிறுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் போன் அலறியது என்றால் மட்டும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். அலறவில்லை என்றால், இந்த வாரம் வேறு எந்த வேலையையும் தொடாமல் இதை முதலில் முடியுங்கள்.